தோப்பு விலையும் யூனிட் விலையும்

செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு ஏக்கர் மாந்தோப்பு என்ன விலை என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள், ஐந்து விலை வரும். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் வழிகாட்டி மதிப்பு என்று ஒன்று இருக்கும். தரகர் சொல்வது வேறு. பக்கத்துத் தோப்புக்காரர் தான் வாங்குவதாக இருந்தால் ஒன்றும் விற்பதாக இருந்தால் ஒன்றும் சொல்வார். பேங்கில் அடமானம் வைக்கப் போனால் அவர்கள் அனுப்பும் மதிப்பீட்டாளர் இன்னொன்று எழுதுவார். இத்தனைக்கும் தோப்பு அசையாமல் மலையடிவாரத்தில் அப்படியேதான் இருக்கிறது. யானை இறங்கி நாலு தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனால் உண்டு, இல்லையென்றால் போன வருஷம் பார்த்த மரங்கள்தான்.

இந்த விலை விவகாரத்தை நான் யோசிக்க ஆரம்பித்தது அக்காவால். அப்பா விட்டுப்போன தோப்பில் எங்கள் நாலு பேருக்கும் சம பங்கு. பூ எடுத்ததும் குத்தகைக்கு விட்டுவிடுவோம், வருகிற பணம் நாலாகப் பிரியும். மா ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் ஏமாற்றும் என்பது உங்களுக்கே தெரியும். அத்தான் காலமான பிறகு அக்கா சென்னையில் மகனோடு போய்விட்டாள். 2022 கடைசியில், "என் பங்கைப் பிரிச்சுக் குடுத்துருங்கப்பா, அந்தக் காட்டை நான் எங்க வந்து பாக்கப் போறேன்" என்றாள். தம்பிகள் இருவரும் நானும் சேர்ந்து அவள் பங்கை எடுத்துக்கொள்வது, அக்கா விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது என்று முடிவானது. விலையில்தான் நின்றுபோனது.

சின்னத் தம்பி வழிகாட்டி மதிப்பைப் பிடித்துக்கொண்டான். "கவர்மெண்டே சொல்ற விலைண்ணே." வழிகாட்டி மதிப்பை ஒன்று என்று வைத்துக்கொண்டால், தரகர் சொன்னது இரண்டரை. அக்கா மகன் நின்றது தரகர் பக்கம். நான் மில்லில் கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவன். ஐந்து வருஷக் குத்தகையைக் கூட்டிச் சராசரி எடுத்து, அந்த வருமானத்துக்கு என்ன முதல் போடலாம் என்று கணக்குப் போட்டேன். வந்த தொகை வழிகாட்டி மதிப்பைவிடவும் குறைவு! தரகர் சொன்ன விலையில் மாங்காய்க்கு இடமே இல்லை. பிளாட் போடலாம், ரிசார்ட் வரும் என்ற நினைப்புதான் முழுக்க. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவித்த பிறகும் அந்த நினைப்பு சிலருக்குப் போகவில்லை.

வழிகாட்டி மதிப்பின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். 2012-ல் தமிழ்நாடு முழுக்க அதைத் தூக்கினார்கள். 2017 ஜூனில் ஒரே உத்தரவில் 33 சதவீதம் குறைத்து, கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய அளவுக்கே கொண்டுபோனார்கள், வழக்கும் நடந்தது. ஆக எங்கள் தோப்பு ஒரு நாள் காலையில் மூன்றில் ஒரு பங்கு இளைத்தது, ஆறு வருஷம் கழித்து இன்னொரு காலையில் பழையபடி பருத்தது. கிணற்றில் தண்ணீர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

2023 தை மாதம் ஒரு நடு விலையில் சம்மதித்தோம். கூடவே ஒரு தாள் எழுதினோம்: இரண்டு வருஷத்துக்குள் தோப்பை வெளியாருக்கு விற்றால், அக்காவுக்குக் கொடுத்த விலைக்கு மேல் கிடைப்பதில் கால் பங்கு அக்காவுக்கு. சின்னவன் முகத்தைச் சுளித்தான். காரணம் எளிது. அக்காவைக் குறைந்த விலையில் அனுப்பினால் அந்த மிச்சம் இருக்கிற மூன்று பேர் பைக்கு வரும். கூடிய விலையில் அனுப்பினால் மூன்று பேர் கையிலிருந்து போகும். எந்த விலை சரி என்று யாருக்கும் தெரியாதபோது அந்தத் தாள் ஒன்றுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பு ஏறியதும் அக்கா போன் போட்டு, "பாத்தியா, ரெண்டு மாசத்துல!" என்றாள். தாளை ஞாபகப்படுத்தினேன். கெடு முடிந்தும் தோப்பு விற்கப்படவில்லை.

அடுத்தது அந்தப் பணம். மருமகன் ஐ.டி. கம்பெனிக்காரன். "அம்மா, தோப்பு வித்த பணத்தைக் கட்டடத்துலயே போடலாம், ரீட்னு ஒண்ணு இருக்கு, யூனிட் வாங்கினா போதும்" என்று சொல்லியிருக்கிறான். அக்கா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "கட்டடத்து வெல ஏறுச்சுன்னா எம்பணமும் ஏறுமா தம்பி?"

ஏறும் என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா அத்தானுடைய பி.எஃப். பணத்தையும் இதோடு சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். நாலு நாள் உட்கார்ந்து அந்த அறிக்கைகளைப் படித்தேன்.

ரீட் என்பது பெரிய அலுவலகக் கட்டடங்களையும் மால்களையும் ஒரு அறக்கட்டளை போன்ற அமைப்பின் கீழ் வைத்து, அதன் உரிமையை யூனிட்டுகளாகப் பிரித்து விற்பது. செபி 2014-ல் இதற்கு விதிகள் போட்டது. முதலில் வந்தது எம்பசி ஆபீஸ் பார்க்ஸ். 2019-ல் யூனிட் 300 ரூபாய்க்கு வெளியிட்டார்கள். பிறகு மைண்ட்ஸ்பேஸும் புரூக்ஃபீல்டும் 275 ரூபாய்க்கு வந்தன, 2023 மே மாதம் நெக்சஸ் 100 ரூபாய்க்கு. நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் புரிகிற மாதிரி: வடபழனியில் பழைய விஜயா-வாகினி ஸ்டூடியோ இருந்த வளாகத்தில் நிற்கிற விஜயா மால் நெக்சஸ் கணக்கில் இருக்கிறது. சொத்தில் 80 சதவீதமாவது கட்டி முடித்து வாடகை வரும் கட்டடமாக இருக்க வேண்டும், பகிரக்கூடிய பணத்தில் 90 சதவீதத்தையாவது யூனிட்காரர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பவை முக்கிய விதிகள்.

கட்டடத்தின் மதிப்பை வெளி மதிப்பீட்டாளர் ஒருவர் வருஷக் கடைசியில் முழுமையாகப் போட வேண்டும், செப்டம்பர் 30 நிலவரப்படி இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். ஒரே ஆள் ஒரே கட்டடத்தைத் தொடர்ந்து நாலு வருஷத்துக்கு மேல் மதிப்பிடக் கூடாது. நல்ல விதி. பழகின மதிப்பீட்டாளர் பழைய தாளில் தேதியை மட்டும் மாற்றிக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த மதிப்பீட்டாளர் செய்வது நான் தோப்புக் குத்தகைக்குப் போட்ட கணக்கைத்தான், கொஞ்சம் விரிவாக. வரப்போகும் பல வருஷ வாடகையை எழுதிக்கொண்டு, ஒரு விகிதத்தால் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருகிறார். அக்காவுக்கு நான் காட்டியது சுருக்கமான கணக்கு. ஒரு கட்டடத்தில் செலவு போக வருஷ வாடகை 8 கோடி. முதலீட்டுக்கு 8 சதவீதம் கிடைத்தால் போதும் என்று மதிப்பீட்டாளர் நினைத்தால் கட்டடம் 100 கோடி. 9 சதவீதம் வேண்டும் என்று நினைத்தால் அதே கட்டடம் 89 கோடி. ஒரு குடித்தனம் காலி பண்ணவில்லை, வாடகை ஒரு ரூபாய் குறையவில்லை. மதிப்பீட்டாளர் மனசில் ஒரு சதவீதம் நகர்ந்தது, 11 கோடி போயிற்று.

இதில் கடனும் சேரும். அந்தக் கட்டடத்தின் மேல் 30 கோடி கடன், யூனிட் மொத்தம் ஒரு கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கோடியில் கடன் போக 70 கோடி, ஆக யூனிட் ஒன்றுக்கு 70 ரூபாய். மதிப்பு 89 ஆனால் மிச்சம் 59 ரூபாய். கட்டடம் 11 சதவீதம் இறங்க, யூனிட் 16 சதவீதம் இறங்குகிறது, கடன் மட்டும் இறங்க மாட்டேன் என்று நிற்பதால். விகிதம் 7.5 ஆகக் குறைந்தால் இதே கடன் யூனிட்டைக் கிட்டத்தட்ட 77-க்குத் தூக்கிவிடும். அறிக்கையில் கடன் எவ்வளவு என்ற வரியை முதலில் பார் என்று அக்காவிடம் சொன்னேன்.

எனக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியவில்லை. எங்கள் மில்லில் ஒரு காலத்தில் நிலத்தை மறுமதிப்பீடு செய்தார்கள். பேரேட்டில் நிலத்தின் மதிப்பு பல மடங்கு ஆயிற்று, எதிர்ப்பக்கம் மறுமதிப்பீட்டு ஒதுக்கு என்று ஒரு தலைப்பு முளைத்தது. அன்றைக்கு ஒரு கதிர்கூட அதிகமாகச் சுற்றவில்லை. அந்த மாதச் சம்பளமும் பழைய சம்பளம்தான். வாங்கின விலையில் நிற்கிற கணக்கும், இன்றைய மதிப்பில் நிற்கிற கணக்கும் தனித்தனி. ரீட் அறிக்கையிலும் பாலன்ஸ் ஷீட்டில் கட்டடம் வாங்கின விலையிலிருந்து தேய்மானம் கழித்துத்தான் இருக்கிறது. நிகர மதிப்பை வேறு ஒரு பட்டியலில் போடுகிறார்கள்.

இப்படி வருகிற நிகர மதிப்பு வருஷத்துக்கு இரண்டு முறைதான். ஆனால் யூனிட் பங்குச் சந்தையில் தினமும் விற்கிறது. இங்கேதான் மருமகன் குழம்பினான். 2023 நடுவில் எம்பசி யூனிட் சந்தையில் வெளியீட்டு விலையான 300-ஐ ஒட்டியே கிடந்தது. அறிவித்த நிகர மதிப்போ அதைவிடக் கணிசமாக மேலே. "மாமா, மலிவா கெடைக்குது, 400 ரூபா சொத்தை 300-க்குக் குடுக்குறாங்க" என்றான்.

அப்படிப் பார்க்கக் கூடாது என்று சொன்னேன். ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 2022 மே மாதம் 4 சதவீதத்திலிருந்து ஏற்றத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5-க்குக் கொண்டுவந்துவிட்டது. தபால் ஆபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் அந்த ஏப்ரலிலிருந்து 8.2 சதவீதம் தந்தது. போடக்கூடிய தொகையின் உச்சவரம்பையும் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியிருந்தார்கள். சும்மா உட்கார்ந்த இடத்தில் 8.2 கிடைக்கும்போது, கட்டட வாடகையை நம்புகிறவன் பழைய விலையைக் கொடுப்பானா? சந்தைக்காரன் தன் விகிதத்தை உடனே மாற்றிக்கொண்டான். மதிப்பீட்டாளர் மெதுவாகத்தான் மாற்றுவார். அவருக்கு அதே மாதிரி கட்டடம் பக்கத்தில் என்ன விலைக்குப் போனது என்ற ஆதாரம் வேண்டும், பெரிய கட்டடங்கள் தினமும் விற்பனைக்கு வருவதில்லை. கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதில் ஆபீஸ் தளங்கள் நிறையுமா என்ற சந்தேகமும் சந்தை விலையில் கலந்திருந்தது. ஆக 400 என்பதும் 300 என்பதும் ஒரே கட்டடத்தைப் பற்றிய இரண்டு அபிப்பிராயங்கள். எது சரி என்பது கட்டடத்தை யாராவது நிஜமாக வாங்கினால்தான் தெரியும்.

ரீட்டில் ஒரு நன்மை உண்டு. விற்கிறவர் இன்னொருவரிடம்தான் விற்கிறார். மூட்டையிலிருந்து பணம் வெளியே போவதில்லை. அவர் குறைத்து விற்றால் நஷ்டம் அவருக்கு, வாங்கினவருக்கு லாபம். மற்ற யூனிட்காரர்கள் இதில் பட மாட்டார்கள். ஃபண்டே திருப்பி வாங்கிக்கொள்கிற திட்டங்களில்தான் எங்கள் தோப்புச் சண்டை முழு ரூபத்தில் வருகிறது. பத்துப் பேர் சேர்ந்து வைத்த சொத்து, மதிப்பு 100 என்று தாளில் இருக்கிறது, நிஜத்தில் 80-தான் தேறும். விவரம் தெரிந்த ஐந்து பேர் ஆளுக்குப் பத்து வாங்கிக்கொண்டு கிளம்பினால் 50 போய்விடும். மிச்சம் 30. வெளியே போனவர்களுக்குப் பத்துப் பத்து, உள்ளே இருப்பவர்களுக்கு ஆளுக்கு ஆறு. இங்கே பின்னால் கணக்குப் பார்த்துக்கொள்ள எங்கள் தாள் மாதிரி ஒன்றும் கிடையாது.

இங்கிலாந்தில் இது நடந்தது. 2016 ஜூன் 23-ல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதாக வாக்களித்தார்கள். லண்டன் ஆபீஸ் கட்டடங்களின் விலை விழும் என்று எல்லோருக்கும் பயம், ஆனால் ஃபண்டுகளின் யூனிட் விலை பழைய மதிப்பீட்டில் நின்றது. அந்த விலையிலேயே வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று கூட்டம் நெருக்கியது. ஜூலை முதல் வாரத்தில் ஸ்டாண்டர்ட் லைஃப் முதலில் கதவைச் சாத்தியது, அடுத்து அவிவா, எம் அண்ட் ஜி என்று வரிசையாகச் சாத்தினார்கள். அபர்டீன் என்ற ஃபண்ட், உடனே போக வேண்டுமென்றால் 17 சதவீதம் குறைத்துக்கொண்டு போ என்றது. கேட்கக் கொடூரமாக இருந்தாலும் அதுதான் நேர்மை என்பேன். இருக்கிறவர்கள் சோற்றைப் போகிறவன் அள்ளிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

நம்மிடம் இதே கதை கட்டடம் இல்லாமல் நடந்ததை இந்தப் பக்கத்தைப் படிக்கிற பாதிப் பேர் மறந்திருக்க மாட்டீர்கள். யூ.எஸ். 64. யூ.டி.ஐ. 1964 ஜூலையில் தொடங்கியது, பத்து ரூபாய் யூனிட். ராஜபாளையத்தில் கிராஜுவிட்டி வாங்கினவர் யாராவது அதில் போடாமல் இருந்தாரா? ஜூலை மாத விலை குறைவு என்று காத்திருந்து வாங்குவார்கள். விற்கும் விலையையும் திரும்ப வாங்கும் விலையையும் அவர்களே அறிவிப்பார்கள். உள்ளே இருந்த பங்குகளின் மதிப்புக்கும் அந்த விலைக்கும் முடிச்சு கிடையாது. ஏறிய காலத்தில் முழுசாகக் கொடுக்காமல் ஒதுக்கினார்கள், இறங்கிய காலத்திலும் விலையைக் குறைக்கவில்லை. 1998-லேயே ஒதுக்கு கரைந்து பள்ளம் விழுந்தது வெளியே வந்தது. தீபக் பாரேக் தலைமையில் குழு போட்டார்கள், நிகர மதிப்புக்கு மாற்றச் சொன்னார்கள், இழுத்தடித்தார்கள். 2001 ஜூலை 2-ம் தேதி, ஆறு மாதத்துக்கு வாங்கலும் இல்லை விற்றலும் இல்லை என்று நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் பெரிய கம்பெனிகள் நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தன. நாடாளுமன்றக் கூட்டுக் குழு இதையெல்லாம் விசாரித்தது. 2002 தொடக்கத்தில் முதன்முறையாக நிகர மதிப்பைச் சொன்னபோது அது ஆறு ரூபாய்க்கும் கீழே. பத்துப் பேர் கணக்கில் உள்ளே மாட்டிக்கொண்ட ஐந்து பேர் என்பது அன்றைக்கு நம் மில் ஓய்வூதியர்கள்.

எனக்கும் கொஞ்சம் யூனிட் இருந்தது. 5,000 யூனிட் வரை வைத்திருந்தவர்களுக்கு அரசாங்கம் 12 ரூபாய் உறுதி கொடுத்ததால் தப்பித்தேன். அந்தப் பள்ளத்தை நிரப்பியது வரிப்பணம். கட்டட ஃபண்டுக்கோ ரீட்டுக்கோ அப்படி யாரும் வரமாட்டார்கள் என்பதை அக்காவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

கடைசியில் அக்கா செய்தது இது. அத்தானின் பி.எஃப். பணத்தைத் தொடவில்லை. தோப்புப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு தபால் ஆபீசுக்குப் போயிற்று. மிச்சத்துக்கு யூனிட், அதையும் ஒரே நாளில் வாங்காமல் ஆறு மாதம் பரப்பி வாங்கினார்கள். மருமகனுக்கு இது போதவில்லை. எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. அக்கா இரண்டு பேரையும் சட்டை பண்ணவில்லை.

யூனிட்டிலிருந்து வரும் பணத்தை வட்டி, டிவிடெண்ட், கடன் அசல் திருப்பம் என்று பிரித்து ஒரு தாள் அனுப்புகிறார்கள். அதில் அசல் திருப்பம் என்பது வருமானம் இல்லை, நம் முதலில் ஒரு துண்டு திரும்பி வருவது. அதையும் வட்டிக் கணக்கில் சேர்த்து "எட்டு சதவீதம் வருதே" என்று மகிழ்ந்துவிடக் கூடாது. வரிக்கும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கணக்கு, ஆடிட்டரிடம் அந்தத் தாளை அப்படியே கொடுத்துவிடுங்கள்.

ஒரு அரையாண்டு அறிக்கையில் நிகர மதிப்பு ஏறியிருந்தது, அந்த வாரம் சந்தையில் யூனிட் இறங்கியது. அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். காலியாகக் கிடக்கிற தளம் எத்தனை சதவீதம், கடன் எவ்வளவு, மதிப்பீட்டாளர் போன தடவை என்ன விகிதம் போட்டார் இந்தத் தடவை என்ன போட்டார் என்று மூன்றையும் படிக்கச் சொன்னேன். மருமகன் அறிக்கையைத் திறந்து வாசித்தான். விகிதத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தார்கள், அவ்வளவுதான், வாடகை அப்படியே இருந்தது. அக்கா ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்ம வழிகாட்டி மதிப்பு மாதிரிதான்னு சொல்லு" என்றாள். பிறகு இந்த வருஷக் குத்தகைக்காரர் யார் என்று விசாரித்தாள்.